பனி வாரப் போனார்

அத்தியாயம் 11

ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை என்றால் கார்வர் தெருவில் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். ஏணி, சுத்தியல், பழைய படுக்கை விரிப்பு, பசை வாளி என்று எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். கடையில் வாங்கிய காற்றடைத்த பூதங்களுக்கு இந்தத் தெருவில் மரியாதை கிடையாது. கையால் செய்ததுதான் நிற்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஊரின் மறுகோடியிலிருந்தும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மிட்டாய்க்கு இங்கே வருகிறார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெருமை. மூலை வீட்டில் சிலந்தி. சிவப்புக் கதவு வீட்டில் சூனியக்காரியின் அடுப்பு. ஸெலின்ஸ்கி வீட்டில் கல்லறைத் தோட்டம். பத்து வருடமாக ரஸல்தான் தெர்மகோல் பலகைகளை வெட்டி, சாம்பல் நிறம் அடித்து, வேடிக்கைப் பெயர்கள் எழுதிப் புல்தரையில் நட்டுவந்தார்.

ரஸல் இல்லாத முதல் ஹாலோவீன் இது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் வீட்டு வாசலில் பனியை வாரி முடித்துவிட்டு, நான்கு வீடு தள்ளியிருக்கும் அக்கா லொரெட்டாவின் வாசலையும் வாரப் போனவர், பாதி வேலையில் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. அக்கா வாசலை வாரிக் கொடுப்பது அவர் வழக்கம்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதது.

அதன் பிறகு நடந்ததும் தெரிந்ததே. அஸ்தியை எங்கே வைப்பது என்ற பேச்சு ஆகஸ்டில் முற்றியது. அம்மா அப்பா பக்கத்திலேயே இடம் இருக்கிறது, பாதிரியார் வந்து மந்திரித்து முறையாக அடக்கம் செய்யவேண்டும் என்றாள் லொரெட்டா. ஏரியில் கரைக்கச் சொல்லி ரஸல் தன்னிடம் கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள் அவர் மனைவி கார்லீன். "ஏரியில கொட்ட என் தம்பி என்ன காபி மண்டியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான் லொரெட்டா. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் லொரெட்டா. கார்லீனின் மகள்கள் இரண்டு பேரையும் தினமும் ஏற்றிக்கொண்டு போவாள், இறக்கிவிடுவாள், கையசைப்பாள். வண்டியை விட்டு இறங்க மாட்டாள்.

அஸ்திப் பெட்டி கூடத்து அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலத் தொப்பிகளுக்குப் பின்னால் இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியாது என்று கார்லீன் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வருடம் வாசல் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் அவள் முடிவு செய்திருந்தாள். பதிமூன்று வயது டெஸ்ஸா ஒப்புக்கொள்ளவில்லை.

"விளக்கை அணைச்சுட்டு உள்ள உக்காந்தா வர்றவங்க எல்லாம் நம்மளைப் பத்தித்தான் பேசுவாங்க. கல்லறை வெச்சா கல்லறையைப் பத்திப் பேசுவாங்க" என்றாள்.

கார்லீன் தெர்மகோல் வாங்கிவந்தாள்.

பழைய பலகைகளை எலி தின்றிருந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் கார் ஷெட்டில் மூன்று பேரும் புதிதாகத் தொடங்கினார்கள். குழம்புச் சட்டி மூடியை வைத்துத் தலைப்பக்கம் வளைவாக வரைந்துகொண்டு, ரொட்டிக் கத்தியால் அறுத்தாள் கார்லீன். வெள்ளைத் துகள்கள் மூன்று பேர் தலைமயிரிலும் ஒட்டிக்கொண்டன. வேலை சீக்கிரம் முடியுமே என்று ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்து முதல் பலகையில் அடித்தாள். ஸ்ப்ரே பட்டால் தெர்மகோல் கரையும் என்பது ரஸலுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையின் முகம் வெண்ணெயைப் போல உருகி உள்ளே போனது.

டெஸ்ஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சத்தம் போட்டுச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. கார்லீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மகள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். உருகிய பலகையையும் வீணாக்கவில்லை. 'ஆசிட் குடித்த ஆர்தர் – தாகம் தணிந்தது' என்று எழுதி ஓரமாகக் காய வைத்தார்கள்.

மற்றவற்றுக்குத் தூரிகையால் சாம்பல் வண்ணம் அடித்தார்கள். பாசி பிடித்தது போலத் தெரிய, அடிப்பக்கம் பஞ்சால் பச்சையை ஒற்றினார்கள். ஸ்க்ரூ டிரைவரால் எழுத்தைக் கீறி, கீறலில் கறுப்பு மை நிரப்புவது டெஸ்ஸாவின் வேலை. 'எலும்பன் எர்னி – டயட் இருந்தார், ஜெயித்தார்.' 'வேகமாக ஓட்டிய விக்டர் – முதலில் வந்து சேர்ந்தார்.' பெயர் யோசிப்பதில் அவள் அப்பாவையே மிஞ்சிவிட்டாள்.

ஏழு வயது ஜூனி தனக்கென்று ஒரு பலகை கேட்டாள். யாரும் உதவி செய்யக்கூடாது, பார்க்கவும் கூடாது என்றாள். கார்லீன் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து அவள் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து ஃபோன் வந்தது. ஒருத்தி வரவில்லையாம், மதியம் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிப் புரியவைக்க அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது. அதற்குள் ஷெட்டில் ஜூனி, ஸெலின்ஸ்கி என்ற குடும்பப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லும்படி அக்காவைக் கேட்டாள். தன் வேலைக்குத் தானே கையெழுத்துப் போடுகிறாள் என்று நினைத்து, டெஸ்ஸா தலையைத் தூக்காமலே ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

பதினொரு மணிக்குப் பலகைகளைப் புல்தரையில் நட்டார்கள். ஜூனி தன்னுடையதைத் தானே தூக்கிக்கொண்டு போய், நடைபாதைக்கு மிக அருகில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் குத்தி நிறுத்தினாள். கார்லீன் அப்போது ஏணியில் இருந்தாள். கஞ்சியில் முக்கி விறைக்கவைத்த துணிப் பேய்களை மேப்பிள் மரக்கிளையில் கட்டிக்கொண்டிருந்தாள். ஜூனியின் பலகையின் பின்பக்கம் மட்டும்தான் அங்கிருந்து தெரிந்தது.

தெருவின் மறுமுனையிலிருந்து லொரெட்டா வந்துகொண்டிருந்தாள். வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த காலி பிளாஸ்டிக் பால் கேன்களில் முகம் வரைந்து, உள்ளே சின்ன விளக்கு வைத்து, வீட்டுக்கு ஆறு என்று நடைபாதை ஓரமாக வரிசை வைப்பது அவள் பொறுப்பு. கைவண்டியில் குவித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தம்பி வீட்டு எல்லையில் அவள் நடை மெதுவானதைக் கார்லீன் மேலிருந்து பார்த்தாள். கேன்களை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தாள்.

அதற்குள் அங்கே ஷெல்பி வந்து நின்றாள். கோடையில்தான் இந்தத் தெருவுக்குக் குடிவந்தவள், யாரையும் அதிகம் தெரியாது. தள்ளுவண்டியில் கைக்குழந்தை. பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். எலும்பன் எர்னிக்குச் சிரித்தாள். விக்டருக்கும் சிரித்தாள். பிறகு நடைபாதை ஓரத்துப் பலகைக்கு வந்தாள்.

"ரஸல் ஸெலின்ஸ்கி. பனி வாரப் போனார். பான்கேக் ஆறிப்போச்சு" என்று படித்தாள். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "எல்லாத்தையும்விட இதுதாங்க சூப்பர்" என்று அருகில் நின்ற லொரெட்டாவிடம் சொன்னாள்.

ஏணியில் கார்லீனின் கை கிளையிலேயே நின்றுவிட்டது.

லொரெட்டா கைவண்டியை விட்டாள். பால் கேன்கள் சரிந்து தெருவில் உருண்டன. அவள் நேராகப் புல்தரைக்குள் நடந்துவந்து, அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடுங்கினாள். மை இன்னும் காயவில்லை. மார்போடு அணைத்ததில் தம்பியின் பெயர் அவள் கோட்டில் ஒட்டிக்கொண்டது.

"என் தம்பி சாவு உனக்கு வேடிக்கையாப் போச்சா?" என்று மேலே பார்த்துக் கேட்டாள்.

இரண்டு மாதத்தில் அவள் கார்லீனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தான் அதைப் பார்க்கவே இல்லை என்று கார்லீன் சொல்ல முயன்றாள். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் லொரெட்டா அடுத்ததையும் சொல்லிவிட்டாள்.

"பெட்டியில போட்டு அலமாரியில திணிச்சு வெச்சிருக்கியே, அது போதலையா? தெருவுல வெச்சு சிரிக்க வெக்கணுமா?"

ஷெல்பிக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் வெளிறிப்போய், தனக்குத் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எல்லோரிடமும் சொன்னாள். குழந்தை வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். எதிர்வரிசையில் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது.

ஜூனி மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அத்தையின் கையிலிருந்த பலகையைவிட, அத்தை சொன்ன வார்த்தைதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

"அப்பா அலமாரியிலயா இருக்காரு?" என்று கேட்டாள்.

கார்லீன் ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஆமாம், அவருடைய சாம்பல் அங்கேதான் இருக்கிறது, எங்கே வைப்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, அதனால் அங்கே வைத்திருக்கிறேன் என்று சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் டெஸ்ஸா, ஷெட் வாசலிலிருந்து. ஏப்ரலில் தொப்பி தேடும்போது பார்த்தாளாம். அம்மா சொல்லாததால் தானும் சொல்லவில்லையாம்.

ஜூனி அழவில்லை. அத்தையிடம் போய்ப் பலகையைத் தரும்படி கையை நீட்டினாள்.

"அது வேடிக்கைக்குச் செய்யல. மத்ததெல்லாம் வேடிக்கை. அது மட்டும் நிஜம்" என்றாள்.

பிறகு அவள் சொன்னதைக் கேட்க இரண்டு பெண்களும் குனிய வேண்டியிருந்தது, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பள்ளியில் ஒரு சிநேகிதியின் தாத்தாவுக்குக் கல் இருக்கிறது. அங்கே போய்ப் பூ வைக்கிறார்கள். அவர் பெயரைத் தடவிப் பார்க்கிறார்கள். அப்பாவுக்குக் கல் இல்லை. ஹாலோவீன் அன்று எத்தனையோ பிள்ளைகள் இந்த வாசலுக்கு வருவார்கள், எல்லோரும் படிப்பார்கள், அப்பாவின் பெயரைச் சொல்வார்கள். அதற்காகத்தான் எழுதினாளாம்.

"பான்கேக்னு ஏன் எழுதினே கண்ணு?" என்று லொரெட்டா கேட்டாள். அவள் குரலில் பழைய வேகம் இல்லை.

"தட்டு மேல தட்டு வெச்சு மூடி வெச்சேன். நம்ம வாசல் முடிஞ்சதும் வர்றேன்னு சொன்னாரு. வரல. உங்க வீட்டுக்குப் போயிட்டாரு. எனக்கு ரொம்பக் கோவம். சூடா இருக்கும்போதே வந்து சாப்பிட்டிருந்தா செத்திருக்க மாட்டாருல்ல?"

லொரெட்டா புல்லில் மண்டியிட்டாள். முட்டிவலிக்காரி, மண்டியிடுவது அவளுக்குச் சுலபமில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"உங்கப்பா தானா வரல ஜூனி. நான்தான் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டேன். சர்ச்சுல பூசைக்கு நேரமாச்சு, வண்டி எடுக்க முடியல, வந்து வாரிக் கொடுன்னேன். பான்கேக் சாப்பிட்டுட்டு வர்றேன்க்கான்னான். சாப்பாடு எங்கயும் ஓடிடாது, முதல்ல வாடான்னு சொன்னது நான்."

கார்லீன் ஏணிப்படியிலிருந்து எழுந்தாள்.

எட்டு மாதமாக அவளும் கோபமாகத்தான் இருந்தாள். செத்துப்போன புருஷன் மேல் கோபம். தன் வேலை முடிந்ததும் உள்ளே வராமல், யாரும் கேட்காத உதவியைச் செய்யப்போன மனிதர் மேல் கோபம். சிலநாள் பாத்திரம் கழுவும்போதுகூட அவரோடு சண்டை போட்டிருக்கிறாள். அந்த மனிதர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறார். இது அவளுக்கு இன்றுதான் தெரிகிறது, அதுவும் பிள்ளையோடு சேர்ந்து, புல்தரையில் நின்றுகொண்டு.

லொரெட்டாவை அடிக்க வேண்டும் போல இருந்தது. அதே சமயம் அந்த ஃபோனை எட்டு மாதமாகத் தனியாகச் சுமந்துகொண்டு பேருந்து ஓட்டிய பெண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. கோட்டில் ஒட்டிய கறுப்பு எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன.

"உள்ள வாங்க" என்றாள் கார்லீன். அது மன்னிப்பு அல்ல.

சமையலறை மேசை மேல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பழுப்பு நிற மரப்பெட்டி. ஜூனி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். இவ்வளவு சின்னதிலா என்று கேட்டாள். தூக்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கார்லீன் தலையசைத்தாள். தூக்கிவிட்டு, நினைத்ததைவிடக் கனம் என்று சொன்னாள். அதில் அவளுக்கு ஏதோ ஒரு சமாதானம் கிடைத்தது போல இருந்தது. பெயர் அழிந்துபோயிருக்கிறது, திரும்ப மை போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். டெஸ்ஸாவும் பின்னால் போனாள்.

இரண்டு பெண்களும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். கார்லீன் காபி ஊற்றினாள். யாரும் குடிக்கவில்லை.

லொரெட்டாதான் முதலில் பேசினாள். அந்த ஃபோனைப் பற்றிப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லையாம். தம்பி தானாக வந்தான் என்று எல்லோரும் புகழ்ந்தபோது வாயைத் திறக்க முடியவில்லையாம். அவனை அம்மா பக்கத்தில் முறையாக அடக்கம் செய்துவிட்டால், தினமும் போய் மன்னிப்புக் கேட்க ஓர் இடமாவது இருக்கும் என்று நினைத்தாளாம்.

"இனிமே நான் கேக்கல. ஏரின்னு அவன் ஆசைப்பட்டிருந்தா ஏரியிலயே விடு. நான் வந்து தள்ளி நின்னுக்கறேன்."

கார்லீன் காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். இந்த இடத்தில் அவள் பேசாமல் இருந்திருக்கலாம். ஆகஸ்டில் தொடங்கிய சண்டையில் அவள் ஜெயித்தாயிற்று. எதிரே உட்கார்ந்திருந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏரின்னு ரஸல் என்கிட்ட சொல்லவே இல்ல" என்றாள்.

லொரெட்டா நிமிர்ந்தாள்.

"நீங்க கல்லறைன்னு ஆரம்பிச்சதும் எனக்கு பயம் வந்துடுச்சு. கொடுத்துட்டா வீட்டுல அவரு எதுவுமே இருக்க மாட்டாருன்னு. வாயில வந்ததைச் சொன்னேன். அப்புறம் மாத்த முடியல."

திட்டுவாள் என்று கார்லீன் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"அப்போ அவன் என்னதான் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நாற்பத்திமூணு வயசுல யாரு இதெல்லாம் பேசறாங்க லொரெட்டா?"

வெளியே எதிர்வரிசைச் சுத்தியல்கள் மறுபடி தொடங்கியிருந்தன. ஜன்னல் வழியே பார்த்தால், ஜூனி புல்லில் குப்புறப் படுத்து நாக்கைத் துருத்திக்கொண்டு எழுத்துக்கு மை போட்டுக்கொண்டிருந்தாள். போன ஷெல்பி திரும்பி வந்திருந்தாள். உருண்டு கிடந்த பால் கேன்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக நடைபாதையில் நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

சமையலறைக் கதவில் டெஸ்ஸா நின்றிருந்தாள். கை துடைக்கத் துணி எடுக்க வந்தவள். எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று தெரியவில்லை. முழங்கை வரை சாம்பல் வண்ணம்.

"அப்பா சொல்லியிருக்காரு" என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"போன வருஷம் பலகை வெட்டும்போது. நிஜமாச் செத்தா என்னை எங்க வெக்கணும் தெரியுமான்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். அவரு சிரிக்கல. எங்கன்னு சொன்னாரு."

லொரெட்டாவின் கை தானாகப் பெட்டியின் மேல் போய் உட்கார்ந்தது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கார்லீன்தான் கேட்டாள்.

டெஸ்ஸா அம்மாவைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் சண்டைதான் போட்டீங்க" என்றாள். "என்கிட்ட யாருமே கேக்கலையே."